உள்ளே விட்ட துணி: தையல் குறிப்புகளை வாசித்தல்

தையல் கற்றுத்தரும் புத்தகத்துக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. சமையல் புத்தகத்துக்காவது எப்போதாவது ஒரு பத்தி கிடைக்கிறது. ஜாக்கெட் வெட்டுவது எப்படி, பாவாடையில் நாடா கோக்க எவ்வளவு மடிக்க வேண்டும் என்று சொல்லும் மெல்லிய புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் கோலப் புத்தகத்துக்கும் கனவுப் பலன் புத்தகத்துக்கும் நடுவில் தொங்குகின்றன. மகளிர் இதழ்களின் தையல் பக்கங்கள், இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது கூடவே போய்விடுகின்றன. தமிழில் பெண்களுக்கென்றே எழுதப்பட்டு, பெண்கள் வரிக்கு வரி நம்பிப் படித்து, கையோடு செய்தும் பார்த்த உரைநடை இது. இதற்கு நம் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரி இடம்கூட இல்லாததை வெறும் மறதி என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

முதன்முதலாகத் தைக்க உட்காரும் பெண்ணிடமும், பல ஆண்டுகள் மூடிவைத்த மெஷினைத் திரும்பத் திறக்கும் பெண்ணிடமும் தமிழில் என்ன சொல்லப்படுகிறது? யார் சொல்கிறார்கள்? எந்த உடலை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு அந்தக் குறிப்புகளை வாசித்துப் பார்ப்போம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் தையல் என்றால் தைப்பது, அழகு, பெண். ஔவையின் ஆத்திசூடியில் பெண்ணின் பேச்சைக் கேட்காதே என்று வரும் இடத்தில் பெண்ணைக் குறித்து நிற்பது இந்தச் சொல்தான். எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, தன் புதிய ஆத்திசூடியில் பெண்ணை உயர்த்தச் சொல்லும்போதும் இதே சொல்லைத்தான் எடுத்தாள்கிறார். ஒன்று பழைய கட்டளை, மற்றது அதைத் திருத்தவந்த கட்டளை. ஆனால் இரண்டிலும் கட்டளையைக் கேட்டுக்கொண்டிருப்பவன் ஆண். தையல் அங்கே பேசப்படும் பொருள். பேச்சு அவளை நோக்கி வரவில்லை.

தையல் குறிப்பில் இந்த நிலை மாறுகிறது. அதுவும் ஏவல் வினைகளால் ஆனதுதான்: வெட்டு, மடி, பிடி, பிரி. ஆனால் இங்கே கேட்பவள் பெண். பெரும்பாலும் சொல்பவளும் பெண். அச்சில் ஏறும்போது இந்த ஏவல் 'வெட்டவும்', 'மடிக்கவும்' என்று யாரையும் பார்க்காமல் பேசும் அலுவலக நடைக்குப் போய்விடுகிறது. வாய்மொழியில் அப்படி இல்லை. எங்கள் பக்கத்தில் தைக்கத் தெரிந்த பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வது இப்படி இருக்கும்: "ஏட்டி, உள்ள கொஞ்சம் துணி விட்டுக்கோ. பெறவு சதை போட்டா பிரிச்சிக்கலாம்." விட்டுக்கோ, பிரிச்சிக்கலாம் என்ற இரண்டிலும் இருக்கும் 'கொள்' என்ற துணைவினையைக் கவனியுங்கள். செய்யும் வேலையின் பலன் செய்பவளிடமே திரும்பி வரும் என்று அது சொல்கிறது. 'துணி விடவும்' என்ற அச்சு வாக்கியத்தில் அந்தத் திரும்பல் காணாமல் போகிறது. கட்டளையோடு காரணமும் ('சதை போட்டா') வருவதையும் பாருங்கள். காரணம் சொல்லிக் கட்டளையிடுவது, கேட்பவளுக்கும் அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்வது.

ஆக, தையல் குறிப்புகளில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஒன்று எப்படிச் செய்வது என்று சொல்கிறது. மற்றது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 'ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போ' என்பது முதல் குரல். 'தையலுக்குப் பொறுமை வேண்டும்' என்பது இரண்டாவது. முதலாவதைச் செய்து பார்க்கலாம், சரியில்லை என்றால் மறுக்கலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு ஒரு பொத்தான்கூடக் கட்ட முடியாது. தையல் கோணினால் அது துணியைச் சொல்லாது, மெஷினைச் சொல்லாது. பெண்ணின் குணத்தைச் சொல்லும். பொறுமை, சிக்கனம், சுத்தம் என்று அது அடுக்கும் பட்டியல் ஒரு பாவாடையின் செய்முறைக்கு அவசியமே இல்லாதது. ஒரு மருமகளின் செய்முறைக்கு வேண்டுமானால் உதவும்.

ரோசிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட 'தி சப்வெர்சிவ் ஸ்டிச்' என்ற நூல், ஐரோப்பியப் பெண்களின் பூவேலைப்பாட்டை இந்த இரட்டைத்தன்மையோடு வாசித்தது. ஊசி பெண்ணைப் 'பெண்மை'க்குப் பழக்கியது. அதே ஊசி அந்தப் பெண்மையோடு மோதவும் அவளுக்கு ஒரு கருவியானது. நமக்கு இந்த இரட்டைத்தன்மையைக் காண ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோடு தெற்கே, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று போனால் போதும். உவரியிலிருந்து அதிகத் தூரமில்லை இடையன்குடி.

தமிழ் படித்த எல்லோருக்கும் அந்த ஊரைத் தெரியும். ராபர்ட் கால்டுவெல் 1841இல் வந்து வாழ்ந்த ஊர். அவருடைய ஒப்பிலக்கணம் 1856இல் வெளியானது. 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். அதே வீட்டில் இன்னொரு கல்வியும் நடந்தது. 1844இல் அவரை மணந்து அங்கே வந்த எலிசா, நாகர்கோவிலில் மிஷன் பணி செய்த சார்ல்ஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். தாய் மார்த்தா 1819இல் நாகர்கோவிலுக்கு வந்து, பெண்கள் பள்ளியோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தவர். எலிசா இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்; லேஸ் பின்னலை அங்கேயும் கொண்டுவந்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுட்பமான வேலை அது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் சொற்களின் வேர்களைப் பிரித்துக் கோத்தார், இன்னொருவர் நூலைப் பிரித்துக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். ஒன்று எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மற்றது கைத்தொழில் என்ற தலைப்பில்கூட இல்லை.

எலிசாவைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அந்த லேஸ் பெண்களின் கையில் காசைக் கொடுத்தது. எழுத்தும் கூடவே வந்தது. அதே வகுப்பு அடக்கமான, ஒழுங்கான கிறித்தவ மனைவியை உருவாக்கும் இடமாகவும் இருந்தது. இரண்டு குரல்களும் அங்கே ஒரே திண்டின்மேல் பின்னப்பட்டன.

எலிசா பிறந்து வளர்ந்த தென்திருவிதாங்கூரில் தைத்த துணி இதைவிடக் கடுமையான கதையைச் சொல்கிறது. நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எல்லோரும் அறிவோம். அதைத் தையலின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். 1829 அரசாணை தோளில் போடும் மேல்சீலையை மறுத்தது. தைத்த குப்பாயத்தை அனுமதித்தது. மிஷனரிகளின் மனைவியர் குட்டைக் கை வைத்துத் தளர்வாக ஒரு ஜாக்கெட்டை வடிவமைத்தார்கள். 1859 ஜூலை 26 அறிக்கையும் நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை உடுத்துவதை ஏற்கவில்லை. தைக்காத துணி சாதியின் உரிமையாகக் காக்கப்பட்டது. தைத்த துணி சமரசமாகக் கொடுக்கப்பட்டது. அந்த ஜாக்கெட்டின் ஒவ்வொரு தையலிலும் விடுதலையும் அதன் எல்லையும் சேர்ந்தே இருந்தன. ஒரு ஜாக்கெட்டை வெட்டத் தெரிவது வெறும் வீட்டுக்கலை என்று சொல்லும் எந்தப் புத்தகமும் இந்த வரலாற்றைத் தெரியாமல் பேசுகிறது.

மெஷின் வந்தபோது அதனோடு ஓர் அன்புக் கதையும் வந்தது. இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி, 1924இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் கண்டு, அவள்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்றார். நல்ல கதை. 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கர் வரலாற்றில் வேறு ஆள்: பல பெண்களோடு பல குடும்பங்கள், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கூர்மையான வியாபார புத்தி. ஆனாலும் அந்த அன்புக் கதைதான் நம்மிடம் நிலைத்தது. மெஷின் என்றால் கணவன் மனைவிக்குத் தருவது, அல்லது தகப்பன் சீரோடு அனுப்புவது.

அரசும் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகத் தமிழ்நாடு அரசு நடத்தும் இலவசத் தையல் இயந்திரத் திட்டம், கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் உதவுகிறது. அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண் ஒருவரின் பெயர் அதற்கு இருப்பது பொருத்தம். அந்த மெஷினால் சோறு தின்னும் வீடுகளை நான் அறிவேன். இருந்தாலும் இதையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. கணவன் வரும்போது சீராக வரும் மெஷின், கணவன் போனபிறகு உதவியாக வருகிறது. நடுவில், தனக்காகத் தைக்க விரும்பும் பெண்ணுக்கு அது யாரிடமிருந்தும் வருவதில்லை. திட்டத்தின் வயது வரம்பு 20 முதல் 40. பிள்ளைகளை வளர்த்து முடித்து, நாற்பத்தைந்தில் கொஞ்சம் நேரம் கிடைத்துத் திரும்பி வருகிறாளே, அவள் எந்தப் படிவத்திலும் இல்லை.

புத்தகங்களிலும் அவள் இல்லை. தையல் புத்தகத்தின் பெண் எப்போதும் முதன்முறையாகத் தைக்கிறாள். எப்போதும் கல்யாணத்துக்கு முன்னால் இருக்கிறாள். திரும்பி வருபவளுக்கு வேண்டியவை வேறு. பழைய நூலை முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும். சட்டென்று அறுந்தால் அது மெஷினின் குற்றமில்லை, நூல் மக்கிவிட்டது. ஊசியை மாற்ற வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, கனமான துணிக்கு 16. நூல் கோக்கும்போது மெஷினின் பாதத்தைத் தூக்கி வைத்துக் கோக்க வேண்டும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தகடுகளுக்கு நடுவில் சரியாக உட்காராது, அடியில் நூல் சுருள் சுருளாக வரும். அப்படிச் சுருண்டால் பலரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். நாற்பதுக்கு மேல் கண் ஊசிக்காதைத் தேடும். நூலைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் காது தெரியும். எங்கள் கடற்கரைக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். உப்புக்காற்றில் ஊசியும் பாபின் உறையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டபிறகு ஒரு கந்தல் துணியில் நாலு வரி ஓட்டி எண்ணெயைத் துடைத்துவிட்டே நல்ல துணியைத் தொட வேண்டும். நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் கடற்கரை இல்லை.

முதல்முறை தைப்பவளுக்கு நல்ல குரல் என்ன சொல்லும்? மெஷினில் நூலே கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின்மேல் ஓட்டிப் பழகு. சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் அறும். கால் பழகும்வரை துணி வேண்டாம். பிறகு நாலு நேர்த்தையலில் முடியும் ஒரு பை. பருத்தித் துணியை, முக்கியமாக லைனிங் துணியை, வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்து. இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணியை இழுக்கும். இதில் எங்கேயும் பொறுமை என்ற சொல் வரவில்லை. ஆனால் இவ்வளவையும் செய்பவளுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

இனி உடல். புத்தகக் கணக்கு மார்பளவை நான்காக வகுக்கிறது. 36 என்றால் 9. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம். இந்தக் கணக்கில் முன்னும் பின்னும் சமம், இடமும் வலமும் சமம். அதில் சேராத உடலுக்கு ஒரு தனிப் பகுதி இருக்கும்: குறைகளை மறைப்பது எப்படி. வயிறு குறை, அகன்ற தோள் குறை, இறங்கிய மார்பு குறை. துணியை உடலுக்குப் பொருத்தும் கலை, உடலைக் கணக்குக்குப் பொருத்தும் அறிவுரையாகத் திரும்பும் இடம் இதுதான். பெண்ணுடலைக் கவிதையில் எழுதியதற்காக எங்கள் தலைமுறைக் கவிஞர்கள் வாங்கிய வசைகள் கொஞ்சமில்லை. அதே உடலைக் 'குறை' என்று அச்சிட்டு விற்கும் பக்கத்தை யாரும் ஆபாசம் என்று சொன்னதில்லை.

இதற்கு மாற்று, தைக்கும் பெண்களிடமே இருக்கிறது. நம் ஊர் ஜாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று கோடுகள் ஓடும். அதற்கும் வெளியே துணி விட்டிருக்கும். ஒரு கோட்டை இரு பக்கமும் பிரித்தால் சுற்றளவில் ஓர் அங்குலம் கிடைக்கும்: பக்கம் இரண்டு, பக்கத்துக்கு முன்துண்டு ஒன்று பின்துண்டு ஒன்று, ஆக நான்கு கால். பிள்ளை பெற்றபின் ஒரு கோடு பிரியும்; காய்ச்சலில் கிடந்து மெலிந்தால் உள்ளே ஒரு கோடு கூடும். உடல் மாறும் என்பதை முன்கூட்டியே ஏற்று வெட்டப்பட்ட ஆடை இது. இங்கே மாற்றம் குறை இல்லை, உள்ளே விட்ட துணி. ஆயத்த ஆடையில் அந்தத் துணியை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். பிறகு உடை பிடிக்காமல் போகும்போது பெண் தன் உடலைத்தான் நொந்துகொள்கிறாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி: இந்தப் புத்தகங்களின் பெண் கையைத் தூக்குகிறாளா? படத்தில் அவள் கைகள் தொங்கியே இருக்கின்றன. கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறுகிறது என்று புதிதாகத் தைப்பவர்கள் சொல்வார்கள். சரிசெய்யக் கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அதனால் இன்னும் மோசமாகும். குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு துணி கையோடு சேர்ந்து மேலே இழுபடும். குழி அக்குளை ஒட்டி உயர்ந்திருந்தால்தான் கை தனியாக அசையும். பழைய வேட்டித் துணியில் முதலில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, மாட்டிக்கொண்டு பரணில் இருக்கும் பானையை எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தூத்துக்குடியில் கையைத் தூக்கும் பெண்கள் நிறைய. மீன் கூடையைத் தலையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பளத்தில் உப்பை அள்ளிச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். உப்பளப் பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் காப்பாகச் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். நான் புரட்டிய தையல் புத்தகங்களின் பொருளடக்கத்தில் ஜாக்கெட், பாவாடை, நைட்டி, சுடிதார், குழந்தைச் சட்டை, தலையணை உறை எல்லாம் உண்டு. பெண் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை இல்லை. பணம் வைக்க ஒரு பை தைப்பதுகூட இல்லை. நம் பாட்டிமார்கள் சுருக்குப்பையைத் தாங்களே தைத்து இடுப்பில் செருகிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் உடையைப் பற்றி இவ்வளவு பேசும் ஓர் உரைநடை, பெண்ணின் உழைப்பைப் பார்க்கவே இல்லை என்பதுதான் அதன்மேல் நான் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு.

அந்தப் பக்கத்தை எழுதுவது கடினமில்லை. ஆண் சட்டையின் தோள் பெண்ணுக்கு அகலமாக இறங்கி நிற்கும். கையைப் பிரித்து, தோளில் அதிகமாக இறங்கும் துணியை மட்டும் வெட்டி, கையைத் திரும்ப வைக்கலாம். கைக்குழியைக் கீழே தோண்டக் கூடாது. சேலைக் கொசுவத்துக்கு இடம் வேண்டும்; பக்கத் தையலை அடியிலிருந்து இடுப்புவரை பிரித்து ஓரத்தை மடித்துத் தைத்தால் போதும். நெஞ்சுப் பையை அப்படியே விட்டுவிட வேண்டும். கூலி வைக்க ஆகும். கைப்பட்டியும் இருக்கட்டும், உப்பு உள்ளே போகாது.

இது முதல் வரைவுதான். சரியான அளவுகளைத் தைப்பவர்களும் உடுத்துபவர்களும் சேர்ந்துதான் சொல்ல முடியும். தைக்கத் தெரிந்த பெண்கள், தெரிந்ததைக் காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும்: எவ்வளவு துணி விட்டேன், ஏன் விட்டேன், எதைப் பிரித்தேன் என்று. தமிழ் படிக்கும் மாணவிகள் அவர்களோடு உட்கார்ந்து, 'விட்டுக்கோ' என்பதை 'விடவும்' என்று திருத்தாமல் எழுதியெடுக்க வேண்டும். உப்பளச் சட்டையிலிருந்து தொடங்கலாம். இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் அங்கே வெயிலில் நிற்க முடியாது.